கடலில் வேகத்தை விற்றவர்

1987 பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி நகருக்கு வடக்கே, வடகிழக்கு 188ஆவது தெரு என்ற குறுகிய தெரு. கால்வாயை ஒட்டி அமைந்த அந்தத் தெருவின் ஒரு முனை அடைபட்டது. இருபுறமும் அதிவேக விசைப்படகுகளைக் கட்டும் பட்டறைகள். பக்கத்துப் பட்டறை ஒன்றில் நண்பரைச் சந்தித்துவிட்டு, தமது வெள்ளை நிற மெர்சிடிஸ் காரில் புறப்பட்ட ஒருவரை எதிரே வந்த கருநிற லிங்கன் கார் ஒன்று நெருங்கி நின்றது. அடுத்த சில நொடிகளில் துப்பாக்கி பலமுறை வெடித்தது. லிங்கன் கார் விரைந்து மறைந்தது. குண்டடிபட்டவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்கவில்லை.

அவர் டான் அரோனோ. உலக ஆழ்கடல் விசைப்படகுப் பந்தயத்தில் இருமுறை வாகை சூடியவர். ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்று நான்கு புகழ்பெற்ற படகு நிறுவனங்களை அந்த ஒரே தெருவில் அடுத்தடுத்து உருவாக்கியவர். அரசர்களும் அதிபர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். இன்னும் ஒரு மாதம் வாழ்ந்திருந்தால் அறுபது வயதை நிறைவு செய்திருப்பார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் அவரது வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்ப்பதற்கு, அவர் வென்ற கோப்பைகள் மட்டுமே காரணமல்ல. ஒரு பொருளைத் தலைசிறந்த முறையில் உருவாக்குகிற ஒருவருக்கு, அந்தப் பொருள் எவர் கைக்குச் செல்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதில் எந்த அளவுக்குப் பொறுப்பு உண்டு என்ற கேள்வியை அவரது வாழ்வும் முடிவும் நம்முன் வைக்கின்றன.

புரூக்ளின் கரையிலிருந்து...

ரஷியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1927 மார்ச் 3 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் அரோனோ பிறந்தார். அவர் நினைவு தெரிந்து வளர்ந்த காலம் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். உழைத்தால் மட்டும் போதாது, முந்திக்கொள்ளவும் வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தலைமுறையினர் இளமையிலேயே கற்றனர். உயரமும் உடற்கட்டும் வாய்க்கப்பெற்ற அரோனோ, விளையாட்டுகளில் சிறந்து விளங்கினார். கோனி தீவுக் கடற்கரையில் நீச்சல் காவலராகவும் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் வணிகக் கப்பற்படையில் சேர்ந்து கடலைக் கண்டார். திரும்பி வந்து புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

திருமணத்துக்குப் பிறகு அவர் கால் ஊன்றியது கட்டுமானத் தொழிலில். போர் முடிந்து வீடு திரும்பிய லட்சக்கணக்கான இளைஞர்களுக்காக அமெரிக்கா முழுவதும் புறநகர்க் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. நியூஜெர்சி மாநிலத்தில் சொந்தமாகக் கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கிய அரோனோ, முப்பதுகளின் தொடக்கத்திலேயே பெருஞ்செல்வர் ஆனார். அதன்பின் எவரும் எதிர்பாராத வகையில், தொழிலிலிருந்து ஓய்வு பெறுவதாக முடிவெடுத்து, மனைவி மக்களுடன் மயாமிக்குக் குடிபெயர்ந்தார். முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவருக்கு ஓய்வு என்பது எத்தனை நாள் இனிக்கும்? தூண்டில் போட்டு மீன் பிடிப்பதும் கடற்கரையில் வெயில் காய்வதும் அவருக்கு விரைவிலேயே சலித்துப்போயின. அந்த வெறுமையை நிரப்ப வந்ததுதான் ஆழ்கடல் விசைப்படகுப் பந்தயம்.

மயாமியிலிருந்து பஹாமா தீவுகளின் தலைநகரான நசாவுக்குச் செல்லும் பந்தயம் 1956இல் தொடங்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவு. இடையே வளைகுடா நீரோட்டம் குறுக்கிடுகிறது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் அந்த வலிமைமிக்க நீரோட்டத்துக்கு எதிராக வடக்கிலிருந்து காற்று வீசினால், அலைகள் செங்குத்தாக எழும்பும். ஏரிகளிலும் ஆறுகளிலும் நடைபெற்ற படகுப் பந்தயங்களில் வேகம் ஒன்றே குறி. ஆழ்கடல் பந்தயத்திலோ படகு உடையாமல் கரை சேர்வதே முதல் வெற்றி. புறப்பட்ட படகுகளில் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடுவது அன்று வழக்கமாக இருந்தது.

அரோனோவின் கதையைப் புரிந்துகொள்ள, அவர் இந்தக் களத்துக்கு வருவதற்குச் சற்று முன் நிகழ்ந்த ஒரு பொறியியல் மாற்றத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். அதுவரை கட்டப்பட்ட விசைப்படகுகளின் அடிப்பகுதி முன்புறம் கூர்மையாகத் தொடங்கி, பின்புறம் செல்லச் செல்லத் தட்டையாகிவிடும். அமைதியான நீரில் அது விரைந்து வழுக்கிச் செல்லும். ஆனால் அலை மிகுந்த கடலில், மேலெழும்பிக் கீழே விழும் ஒவ்வொரு முறையும் தட்டையான அடிப்பகுதி நீரின் மீது அறைந்து விழும். பலகைகள் பிளக்கும்; ஓட்டுபவரின் முதுகெலும்பும் தப்பாது.

ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதற்கொரு தீர்வு கண்டார். முன்புறத்தின் கூர்மையான 'வி' வடிவத்தைப் பின்விளிம்பு வரை அப்படியே கொண்டுசென்றார். ஏறத்தாழ 24 பாகை சரிவுகொண்ட அந்த அடிப்பகுதி, விழும்போது நீரை அறையாமல் பிளந்துகொண்டு இறங்கியது. நீளவாக்கில் பொருத்தப்பட்ட மெல்லிய பட்டைகள் படகை மேலே தூக்கிக் கொடுத்தன. இந்த வடிவத்தில் அமைந்த 'மாப்பி' என்ற படகு 1960ஆம் ஆண்டு மயாமி - நசாவ் பந்தயத்தில், சீற்றம் மிகுந்த கடலில், எட்டு மணி நேரத்தில் இலக்கை அடைந்தது. இரண்டாவதாக வந்த படகும் இதே வகை அடிப்பகுதி கொண்டதுதான். அது வந்து சேர இரண்டு மணி நேரம் கூடுதலாயிற்று. மூன்றாவது படகு மறுநாள்தான் வந்தது. கடற்பயணத்தின் வரலாற்றில் ஒரு வடிவமைப்பின் மேன்மை இவ்வளவு தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட தருணங்கள் குறைவு.

தோல்வியில் தொடங்கிய தொழில்

1962இல் அரோனோ முதன்முதலாக அந்தப் பந்தயத்தில் இறங்கினார். மரத்தால் செய்யப்பட்ட 27 அடிப் படகு. தம் மகளின் பெயரான கிளாடியாவையே அதற்குச் சூட்டியிருந்தார். அவரால் வெல்ல இயலவில்லை. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து அவர் இரண்டு முடிவுகளோடு கரையேறினார். ஒன்று, இந்தப் பந்தயத்தை வென்றே தீர வேண்டும். மற்றொன்று, வெல்வதற்கான படகை விலைக்கு வாங்க முடியாது, கட்டத்தான் வேண்டும்.

அரோனோ பொறியாளர் அல்லர். படகின் கோடுகளை வரையத் தெரிந்தவரும் அல்லர். கட்டுமானத் தொழிலில் அவர் கற்றுக்கொண்டது, எந்த வேலைக்கு யார் தக்கவர் என்று அறிந்து, அவரைக் கொண்டு அந்த வேலையை விரைந்து முடிக்கும் கலையை. இதனை இதனால் இவன்முடிக்கும் என்று ஆராய்ந்து பொறுப்பை ஒப்படைக்கும் திறன் எனலாம். வடிவமைப்பாளர்களான ஜிம் வின், வால்ட் வால்டர்ஸ் இருவரையும் அமர்த்திக்கொண்டார். அவர்களுள் வின், இன்ஜினைப் படகின் உள்ளேயும் உந்துவிசைக் கருவியைப் பின்விளிம்புக்கு வெளியேயும் பொருத்தும் முறையை உருவாக்கிப் புகழ்பெற்றவர். மரத்துக்கு மாற்றாகக் கண்ணாடியிழையைப் பயன்படுத்தி, 188ஆவது தெருவில் தொடங்கிய பட்டறையில் அவர்கள் கட்டிய படகுதான் ஃபார்முலா 233. அதன் நீளம் 23 அடி 3 அங்குலம், அதுவே பெயராயிற்று.

ஃபார்முலா நிறுவனம் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தபோதே, 1964இல் அதை விற்றுவிட்டார். அதே தெருவில் டான்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நண்பர் ஒருவர் அவரைச் செல்லமாக அழைத்த பெயரே நிறுவனத்தின் பெயரானது. அடுத்த ஆண்டே அதையும் ஒரு பெருநிறுவனத்துக்கு விற்றார். 1966இல் மேக்னம் பிறந்தது; 1968இல் அதுவும் கைமாறியது. ஒவ்வொரு முறையும், குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டி நிறுவனம் தொடங்கக் கூடாது என்று வாங்கியவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அரோனோ வேறு வழிகளைக் கண்டுபிடித்தார். மேக்னத்தை விற்ற பின், வேறொருவரின் பெயரிலான நிறுவனத்தில் தமது அடுத்த பந்தயப் படகைக் கட்டினார்.

விற்றவரும் அவரே, விற்ற நிறுவனத்தைப் போட்டியில் முந்திச் செல்பவரும் அவரே. பெருநிறுவனங்கள் வாங்கியது அச்சுகளையும் பட்டறையையும் பெயரையும்தான். வாடிக்கையாளர்கள் தேடியதோ அரோனோவை. வார இறுதியில் பந்தயத்தில் அவர் வென்ற செய்தி, வேறெந்த விளம்பரத்தையும்விட வலுவான விளம்பரமாயிற்று. பந்தயக் கடலே அவருடைய சோதனைக் கூடமாகவும் கடைவீதியாகவும் இருந்தது.

அலைகளின் மேல் நின்றவர்

அன்றைய பந்தயப் படகில் இருக்கைகள் பெயரளவுக்கே இருந்தன. ஓட்டுபவர்கள் நின்றபடியே பயணம் செய்தார்கள். அமர்ந்து சென்றால் ஒவ்வொரு அலையின் அதிர்ச்சியும் நேராக முதுகெலும்பில் இறங்கும். முழங்கால்களைச் சற்றே மடித்து நின்று, கால்களையே அதிர்ச்சி தாங்கிகளாகப் பயன்படுத்துவது அவர்கள் கற்ற உத்தி. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றொருவர் இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவார். படகு அலையிலிருந்து கிளம்பிக் காற்றில் பறக்கும்போது, நீரின் எதிர்ப்பில்லாமல் சுழலும் விசிறி இன்ஜினைக் கட்டுக்கடங்காத வேகத்துக்குக் கொண்டுசென்றுவிடும். எனவே படகு எழும் கணத்தில் வேகத்தைக் குறைத்து, நீரில் இறங்கும் கணத்தில் மீண்டும் கூட்ட வேண்டும். ஒரு பந்தயத்தில் இதை ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். ஒருமுறை தவறினாலும் இன்ஜின் சிதறலாம், படகு கவிழலாம்.

இந்த விளையாட்டு எத்தகையது என்பதற்கு அரோனோவின் காலத்துக்குப் பின் நிகழ்ந்த இரு மரணங்களே சான்று. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரரான பிரான்ஸின் டிடியே பிரோனி, கார் விபத்தில் கால்கள் நொறுங்கிய பின் படகுப் பந்தயத்துக்கு வந்தவர். 1987 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே, கப்பல் ஒன்று எழுப்பிய அலையில் படகு கவிழ்ந்து, உடன் வந்த இருவருடன் உயிரிழந்தார். மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவரான ஸ்டெஃபானோ கசிராகி 1990 அக்டோபரில் மொனாக்கோ கடலில் இதேபோல் மாண்டார். மூடிய ஓட்டுநர் அறையும் உடற்பட்டையும் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். அரோனோவின் காலத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

அத்தகைய களத்தில் அவர் 1967இல் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு பட்டம் இத்தாலியரான வின்சென்சோ பாலஸ்திரியேரிக்குச் சென்றது. அவர் ஓட்டியதும் அரோனோ உருவாக்கிய மேக்னம் படகுதான். 1969இல் அரோனோ மீண்டும் பட்டத்தைக் கைப்பற்றினார். சர்வதேச விசைப்படகு விளையாட்டுச் சங்கம் தனது தங்கப் பதக்கத்தை அளித்து அவரைச் சிறப்பித்தது. அதற்கு முன் அந்த மதிப்பைப் பெற்ற அமெரிக்கர் கார் வுட் ஒருவரே.

1969இல் அவர் ஓட்டிய 32 அடிப் படகின் பெயர் 'தி சிகரெட்'. புகைக்கும் சிகரெட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், புரூக்ளின் கடற்பகுதியில் சாராயக் கடத்தல் படகுகளை விரட்டிப் பிடித்துக் கொள்ளையடித்த ஒரு வேகப் படகின் பெயர் அது. சிறுவயதில் கேள்விப்பட்ட அந்தப் பெயரைத் தமது படகுக்கு வைத்தார் அரோனோ. பின்னர் நிறுவனத்துக்கும் அதுவே பெயரானது. இன்றைக்கு நீண்ட மூக்கும் ஒடுங்கிய உடலும் கொண்ட எந்த அதிவேகப் படகையும் 'சிகரெட் படகு' என்று அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒரு பொதுச் சொல்லாகிவிட்டது. கடத்தல் காலத்திலிருந்து எடுத்த பெயர் அவரது பிற்கால வாழ்வோடு எவ்வளவு பொருந்திப்போகும் என்பதை அன்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில் குடும்பத்தில் ஒரு பேரிடி விழுந்தது. அவருடைய மகன் கார் விபத்தொன்றில் சிக்கி, உடலின் கீழ்ப்பகுதி செயலிழந்தார். எத்தனையோ முறை அலைகளின் மேல் உயிரைப் பணயம் வைத்து முழுமையாகத் திரும்பிய தந்தைக்கு, சாதாரணச் சாலையொன்று தந்த அடி அது. அதற்குப் பின் அரோனோ பந்தயத்திலிருந்து விலகினார். முதல் மணவாழ்க்கையும் பின்னாளில் முறிந்தது, மறுமணம் செய்துகொண்டார். பந்தயக் குதிரைகளை வளர்ப்பதில் நாட்டம் திரும்பியது. ஆனால் படகு கட்டுவதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

இருபுறமும் வாடிக்கையாளர்கள்

சிகரெட் படகை வாங்குவது 1970களில் செல்வச் செழிப்பின் அடையாளமாகவே ஆனது. ஜோர்டான் மன்னர் ஹுசைன், ஈரான் மன்னர் ஷா, ஸ்பெயின் மன்னர் யுவான் கார்லோஸ் என்று அரியணைகளில் அமர்ந்தோர் அவருடைய படகுகளை வாங்கினர். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபராகவும் அதிபராகவும் ஆன ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), 28 அடி சிகரெட் படகொன்றை வாங்கி மெய்ன் மாநிலக் கடலில் தாமே ஓட்டி மகிழ்ந்தார். அரோனோவுடன் அவருக்கு நட்பும் இருந்தது.

ஆனால் அதே காலத்தில் ஃபுளோரிடா கடலில் வேறொரு கூட்டமும் வேகத்தைத் தேடி அலைந்தது. மயாமிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. கிழக்கே இருக்கிறது பஹாமாவின் பிமினி தீவு. மதுவிலக்குக் காலத்தில் சாராயம் வந்த அதே வழியில், 1970களின் பிற்பகுதியிலிருந்து கஞ்சாவும் கொக்கைனும் வரத் தொடங்கின. தென் அமெரிக்காவிலிருந்து பஹாமா வரை பெரிய கப்பலிலோ விமானத்திலோ வரும் சரக்கை, இருள் சூழ்ந்ததும் வேகப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கரடுமுரடான கடலில் சுமையோடு விரைந்து செல்லும் படகு எதுவோ அதுவே அவர்களுக்குத் தேவை. அலைகளை வெல்வதற்காகப் பந்தயக் களத்தில் செதுக்கப்பட்ட வடிவம் அவர்களுக்கு அப்படியே பொருந்தியது. கடலோரக் காவல் படையின் படகுகளால் அவற்றை நெருங்கவே முடியவில்லை.

பந்தயத்துக்கும் கடத்தலுக்கும் இடையிலிருந்த எல்லைக்கோடும் மங்கத் தொடங்கியது. 1980களில் அமெரிக்க ஆழ்கடல் பந்தயத்தில் பெயர் பெற்ற வீரர்கள் சிலரே போதைப்பொருள் வழக்குகளில் தண்டிக்கப்பட்டார்கள். விலை உயர்ந்த படகுகளை ரொக்கம் கொடுத்து வாங்குவோர் 188ஆவது தெருவில் புதியவர்கள் அல்லர். வாங்குபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அந்தத் தெருவின் வழக்கமும் அன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அரோனோ மீது போதைப்பொருள் குற்றச்சாட்டு எதுவும் ஒருபோதும் பதிவாகவில்லை. அவர் செய்தது படகு விற்பனை. அது சட்டப்படியான தொழில். ஆயினும், தம்மிடம் வருவோர் யார் என்பதை அந்தக் கடலை அவ்வளவு நன்கறிந்த ஒருவர் அறியாமல் இருந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

சிகரெட் நிறுவனத்தையும் விற்ற பின், யு.எஸ்.ஏ. ரேசிங் டீம் என்ற புதிய நிறுவனத்தை அரோனோ தொடங்கினார். வேகப் படகுகளைப் பிடிக்க வேகப் படகு வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்த அமெரிக்கச் சுங்கத் துறை, அவரை நாடியது. துணை அதிபர் என்ற முறையில் தென் ஃபுளோரிடாவின் போதைப்பொருள் ஒழிப்புப் பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தவர், அவருடைய வாடிக்கையாளரான புஷ்தான். இரட்டை அடிப்பகுதி கொண்ட 39 அடிப் படகுகளைச் சுங்கத் துறைக்காக அரோனோ கட்டிக் கொடுத்தார். 'ப்ளூ தண்டர்' என்பது அவற்றின் பெயர். புஷ்ஷே ஒன்றை ஓட்டிப் பார்த்தார். ஓடுபவனுக்கும் துரத்துபவனுக்கும் ஒரே தெருவில், ஒரே மனிதர் படகு கட்டியளித்த காட்சி அது.

அந்தக் காட்சியில் மூன்றாவதாக ஒருவர் நுழைந்தார். பென் கிரேமர் என்ற படகுப் பந்தய வீரர், அதே தெருவில் தொழில் செய்தவர், போதைப்பொருள் வழக்கில் ஏற்கெனவே சிறை சென்று வந்தவர். 1985இல் அரோனோ தமது நிறுவனத்தைக் கிரேமர் குடும்பத்துக்கு விற்றார். சுங்கத் துறைக்கான படகுகளைப் போதைப்பொருள் குற்றவாளி ஒருவரின் நிறுவனம் கட்டித் தருவதை அரசு எப்படி ஏற்கும்? ஒப்பந்தம் நிலைக்க வேண்டுமானால் நிறுவனம் கைமாறியாக வேண்டும் என்றாயிற்று. அரோனோ நிறுவனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் கிரேமருக்கு ஏற்பட்ட மனக்கசப்பே கொலைக்குக் காரணமானது என்பது பின்னர் அரசுத் தரப்பு முன்வைத்த வாதம்.

கொலை நடந்த அன்று அரோனோவின் அலுவலகத்துக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து, பெருஞ்செல்வர் ஒருவரிடம் வேலை பார்ப்பதாகக் கூறிப் படகு பற்றி விசாரித்துவிட்டுச் சென்றிருந்தார். வழக்கு முடிவுக்கு வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. ராபர்ட் யங் என்பவர் 1995இலும், பென் கிரேமர் 1996இலும், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் எதிர்த்து வாதிடாமலும் தண்டனையை ஏற்கும் சட்ட முறையின்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். யங் மீதான குற்றம் இரண்டாம் நிலைக் கொலை. கிரேமர் மீதானது மரணம் விளைவித்தல். கிரேமர் அதற்கு முன்பே பெரும் கஞ்சாக் கடத்தல் வழக்கொன்றில் ஆயுள் தண்டனை பெற்றிருந்தார். 1989இல் சிறை வளாகத்துக்குள் ஹெலிகாப்டரை வரவழைத்துத் தப்ப முயன்று, அது வேலியில் சிக்கி விழுந்ததில் காயமுற்றுப் பிடிபட்டவர் அவர்.

விசாரணை முழுமையாக நடந்து, சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டு, தீர்ப்பு வழங்கப்படவில்லை. அதனால் அரோனோவின் மரணத்தைச் சுற்றி எழுந்த ஐயங்கள் பலவும் விடையின்றியே நின்றுவிட்டன. அவரைப் பற்றி நூல்கள் வந்தன. 2018இல் ஜான் டிரவோல்டா நடிக்க, அவர் வாழ்வைத் தழுவி 'ஸ்பீட் கில்ஸ்' என்ற திரைப்படமும் வந்தது. பெரும்பாலும் எல்லாருடைய கவனமும் அவருடைய கொலையின் மீதே குவிந்தது.

எஞ்சி நிற்கும் கேள்வி

படகுகளோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபார்முலா நிறுவனம் கடலே இல்லாத இண்டியானா மாநிலத்துக்கு இடம்பெயர்ந்து தலைமுறைகள் கடந்து நிற்கிறது. சிகரெட் என்ற பெயர் இன்றும் செல்வர்களை ஈர்க்கிறது. கரடுமுரடான கடலில் மீனவரையோ மீட்புப் படையினரையோ பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் எத்தனையோ நவீனப் படகுகளின் அடிப்பகுதியில், ரே ஹன்ட் கண்டுபிடித்து அரோனோ போன்றோர் பந்தயக் களத்தில் மெய்ப்பித்துக் காட்டிய அந்த 'வி' வடிவம் இருக்கிறது. பட்டறைகள் நிறைந்திருந்த 188ஆவது தெருவில் மட்டும் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

அரோனோவைக் கடத்தல்காரர்களின் கூட்டாளி என்று முத்திரை குத்துவது எளிது. அதற்கு ஆதாரம் இல்லை. அவர் வெறும் படகு கட்டுநர், விற்ற பின் நடந்தவற்றுக்கு அவர் பொறுப்பல்லர் என்று கைகழுவி விடுவதும் எளிது. அதற்கு மனம் ஒப்பவில்லை. கத்தி செய்யும் கொல்லரைக் கொலைக்குப் பொறுப்பாக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் ஊரில் எவன் எதற்காகக் கத்தி வாங்குகிறான் என்று தெரிந்திருந்தும், அதிக விலை தருகிறான் என்பதற்காகவே அவனுக்கு மேலும் கூரிய கத்தியைச் செய்து தருகிற கொல்லரின் நிலை வேறு. அரோனோ இந்த இருவருக்கும் இடையே எங்கோ நிற்கிறார்.

இது அவரோடு முடிந்துபோன கேள்வியும் அல்ல. ஆளில்லா விமானங்களை வடிவமைப்போரும், பிறர் கைப்பேசிக்குள் ஊடுருவும் மென்பொருளை எழுதுவோரும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை உருவாக்குவோரும் இன்று இதே தெருவில்தான் கடை விரித்திருக்கிறார்கள். துரத்துபவரும் ஓடுபவரும் அவர்களிடமும் வாடிக்கையாளராக வருகிறார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு திறன் என்ற கேள்விக்கு அவர்களிடம் துல்லியமான விடை உண்டு. யாருக்காக, எதற்காக என்ற கேள்வியைச் சட்டம் கேட்கும்வரை தள்ளிப்போடலாம் என்பதே பெரும்பாலோரின் நிலைப்பாடாக இருக்கிறது.

டான் அரோனோ வேகத்தை உருவாக்குவதில் தம் காலத்தவர் அனைவரையும் விஞ்சி நின்றார். அந்த வேகம் யாரையெல்லாம் தம் வாசலுக்கு அழைத்து வருகிறது என்பதைப் பொருட்படுத்தாமல் இருந்தார். கடலில் எத்தனையோ அலைகளிலிருந்து தப்பிய அவர், தாமே உருவாக்கிய தெருவில், நின்றுகொண்டிருந்த காரில், பட்டப்பகலில் உயிரிழந்தார். அவருடைய படகுகளை வியந்து பார்க்கும்போது, இதையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.